மைக் அக்கா வீட்டு ஓரம்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மைக் அக்கா விஷயத்தில் மணியோசைக்கும் யானைக்கும் நடுவே இரண்டு தெரு இருக்கும். பேருந்து நிறுத்தத்தில் இறங்கி அவள் யாரையோ நலம் விசாரிப்பது, அவள் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே தையல் கடை வைத்திருப்பவர் காதில் தெளிவாக விழும். "மைக் வந்துட்டாங்க" என்று சொல்லி அவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் போடப் போவார். அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். அக்காவுக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது. வேலைக்குப் போன நாளிலிருந்து எத்தனையோ பெயர் கேட்டாயிற்று, இதுதான் கொஞ்சம் மரியாதையாக இருக்கிறது என்பாள்.

அந்தத் தொண்டையைக் குறை சொல்லவே கூடாது. அவள் வேலை செய்வது ஆணித் தொழிற்சாலையில். சுவரில் அடிக்கும்போதுதான் ஆணி சத்தம் போடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது பிறக்கும்போது போடுகிற சத்தத்துக்கு முன்னால் இதெல்லாம் எந்த மூலைக்கு? பெரிய சுருளிலிருந்து கம்பி இயந்திரத்துக்குள் போகும். உள்ளே சம்மட்டி ஒன்று முனையில் அடித்துத் தலையை உண்டாக்கும். இரண்டு கத்திகள் மறுமுனையைக் கவ்வி வெட்டிக் கூராக்கும். ஆணி தொட்டியில் விழும். இதை நீங்கள் படித்து முடிப்பதற்குள் ஒரு இயந்திரம் கை நிறைய ஆணி போட்டிருக்கும். அப்படிப்பட்ட இயந்திரங்கள் ஒரே கூரையின்கீழ் வரிசை வரிசையாக நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். காதடைப்பான் கொடுக்கத் தொடங்கியதெல்லாம் பிற்பாடுதான். அதற்குள் அக்காவின் காதில் பாதி போய்விட்டது. போனது போனதுதான்.

அந்தக் கூடத்தில் வாயைத் திறந்து பேசுவது கடலில் பெருங்காயம் கரைத்த கதை. ஆகவே அங்கே எல்லோரும் கையால் பேசுவார்கள். விரலைக் கீழ்நோக்கிச் சுற்றினால் கம்பி தீரப்போகிறது. முஷ்டியை மூடினால் நிறுத்து. ஐந்து விரலையும் குவித்து வயிற்றருகே இரண்டு தட்டுத் தட்டினால் சாப்பிட வா. சட்டைக் கழுத்தை இரண்டு விரலால் கிள்ளினால் சூப்பர்வைசர் வருகிறார், அவரவர் இயந்திரத்துக்கு ஓடு. எந்தச் சைகைக்கும் கை தோளுக்கு மேலே போகாது. மேலே பெல்ட் ஓடுகிறது, கையை உயர்த்தினால் கையோடு போய்விடும் என்பதால் வந்த பழக்கம். கை போதாதபோது உதட்டைப் படிப்பார்கள்.

அக்காவுக்குக் கணவர் அமைந்ததே அந்தக் கைப்பேச்சில்தான். அவர் பீப்பாய்க்காரர். வெட்டிய ஆணியை மரத்தூளோடு பெரிய பீப்பாயில் போட்டு உருட்டினால் எண்ணெய்ப் பிசுக்கு போய் பளபளவென்று வரும், அதைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கூடத்தின் மறுகோடியிலிருந்து அவர் தினமும் இவளைப் பார்த்து 'சாப்பிட வா' என்று தட்டுவார். சாப்பாட்டு மணியே அடிக்கவில்லையே, இந்த ஆளுக்கு அப்படி என்ன பசி என்று நினைத்தாளாம். அது பசி இல்லை என்று புரிய ஒரு மழைக்காலம் பிடித்தது.

வீட்டுக்கு வந்தால் இருவருக்கும் வாய்தான். பாதிக் காது இவளுக்கு, பாதிக் காது அவருக்கு. ஒருவர் கத்தினால்தான் மற்றவருக்குப் பேச்சு. அழைப்பு மணி கேட்காது என்பதால் பீப்பாய்க்காரர் அதைப் பிடுங்கிவிட்டு ஒரு விளக்கை மாட்டினார். வாசலில் யாராவது பொத்தானை அழுத்தினால் கூடத்துச் சுவரில் அது மினுங்கும். மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஆசிரியை காதோரம், "என் பொண்ணு கணக்குல எப்படிங்க?" என்று அக்கா ரகசியமாகக் கேட்டபோது பக்கத்து வகுப்புகளும் சேர்ந்து திரும்பிப் பார்த்தன. அந்த மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போய், போன வருடம் கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது. பேரன் அக்காவின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் குனிந்து "என் தங்கமே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குழந்தைக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீறிட்டு அழுதவன் நீலம் பாய்ந்துபோனான். மகள் ஓடிவந்து வாங்கிக்கொண்டு, "அம்மா, அவனைத் தூக்கறப்போ நீ பேசாம இரேன்" என்றாள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பெற்றவள் பதறினாள். ஆனாலும் அது ஆணி அடித்த மாதிரி இறங்கிவிட்டது. ஆணியைப் பிடுங்கிவிடலாம், ஓட்டை இருக்கும் என்று தெரிந்தவள் அக்கா. மகள் ஊருக்குப் போகிற வரைக்கும் பேரனைப் பேசாமலே தூக்கினாள். அவன் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தபோதும் பேசவில்லை.

மகள் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. "ஒரு உசிரு இருந்தா தேவலாம்" என்று பேச்செடுத்தவர் பீப்பாய்க்காரர். ஒரு விடுமுறை நாளில் ஊருக்கு வெளியே இருந்த நாய்க் காப்பகத்துக்கு இருவரும் போனார்கள். கதவைத் திறந்ததும் அத்தனை நாயும் குரைத்த குரைப்பில் வேறு யாராக இருந்தாலும் காதைப் பொத்தியிருப்பார்கள். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம ஆலைக் கூடம் மாதிரியே இருக்குங்க" என்றாள்.

கடைசிக் கூண்டில் ஒன்று மட்டும் குரைக்கவில்லை. மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருந்தது. முகத்தைச் சுவர் மூலையில் புதைத்துக்கொண்டு உலகத்துக்கே முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பார்களே, இதன் வாலைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அப்படி வயிற்றுக்கடியில் சுருட்டி வைத்திருந்தது.

"அது யாரும்மா, ஓரத்துல?" என்று அக்கா கேட்டாள். கேட்டதுதான் தாமதம், அந்த நாய் சுவருக்குள்ளேயே புகுந்துவிடப் பார்த்தது.

"அது வேணாம்மா" என்றாள் காப்பகத்துப் பெண். சின்ன வயசுக்காரி, மணிக்கட்டெல்லாம் கீறல். "அதுக்கு மனுஷக் குரலே ஆகாது. யாரோ கத்திக் கத்தி அடிச்சிருக்காங்க. கையத் தூக்கினாலே நின்ன இடத்துல ஒண்ணுக்குப் போயிடும். இங்க வந்து ரொம்ப நாளாச்சு, இதுவரைக்கும் யாரையும் நிமிர்ந்து பாத்ததில்ல. சத்தமே இல்லாத வீடுன்னா குடுக்கலாம்."

"எங்க வீட்ல சத்தமே கிடையாதும்மா" என்றாள் அக்கா.

அந்த ஒரு வாக்கியத்தில் காப்பகத்து நாய்கள் அத்தனையும் குரைப்பை நிறுத்தின. பீப்பாய்க்காரர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அத்தனை நாய்கள் வாலாட்டிக்கொண்டு நிற்கும்போது இதற்கு ஏன் ஒற்றைக்காலில் நின்றாள் என்று கேட்பீர்கள். வீட்டுக்காரரும் அதைத்தான் கேட்டார். பேருந்தில் அவரிடம் சொன்னாள். பேருந்து முழுக்கவே கேட்டது. "என் குரலுக்குப் பயப்படாத நாய யார் வேணா வளப்பாங்க. இது எனக்குப் பயப்படுதுங்க. இது ஒருநாள் தானா என்கிட்ட வந்து நின்னா, அப்புறம் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேணாம்." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மூன்று தடவை நடந்து, கெஞ்சி, கடைசியில் காப்பகத்துப் பெண் மனமிறங்கினாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள். "ஒரு மாசம் வச்சுப் பாருங்க, நான் வந்து பாப்பேன். அது உங்ககிட்ட ஒட்டிக்கிச்சுன்னா உங்களோடது. இல்லேன்னா கோவிச்சுக்காதீங்க, திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன். பயத்துலயே கெடந்து சாகக் கூடாதில்ல." அக்கா சரி என்று தலையாட்டினாள். ஓரத்தில் இருந்ததால் ஓரம் என்றே அதற்குப் பெயராயிற்று.

வீட்டுக்கு வந்ததும் ஓரம் சமையலறைக்குள் ஓடி, சலவை இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையிலிருந்த சந்தில் புகுந்துகொண்டது. அன்றிலிருந்து அக்கா சலவை இயந்திரத்தை ஓட்டவில்லை. துணியையெல்லாம் குளியலறையில் உட்கார்ந்து கையால் துவைத்தாள். இடுப்பு கழன்றது. அது கிடக்கட்டும், பேச்சுக்கு என்ன செய்வது? ரகசியம் பேசுவது அவர்கள் இருவருக்கும் சுட்டுப்போட்டாலும் வராது.

"மெதுவா பேசுங்க" என்றாள் அக்கா, தன் கணக்கில் கிசுகிசுப்பாக.

"என்ன?"

"மெதுவா பேசுங்கன்னேன்."

"நான் எங்க பேசினேன்? நீதானே பேசற."

"என்ன?"

கீழேயிருந்து தையற்காரர் குரல் கொடுத்தார். "அவர் பேசலையாம், நீங்கதான் பேசறீங்களாம்."

சந்துக்குள் நாய் நடுங்குகிற நடுக்கத்தில் இயந்திரத்தின் தகரம் கடகடத்தது. அக்கா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பீப்பாய்க்காரர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் சட்டென்று முஷ்டியை மூடினாள். அவர் கப்சிப். எத்தனை வருடப் பழக்கம்! மூடிய முஷ்டியை இருவரும் ஒரு கணம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதை ஏன் இவ்வளவு நேரம் யோசிக்கவில்லை என்று அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்பையும் அவள் முஷ்டியைக் காட்டி அடக்கினாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் வாய்க்குப் பூட்டு. எல்லாம் கைப்பேச்சுதான். தண்ணீர் வந்துவிட்டதா, மகள் பேசினாளா, உப்பு போதவில்லை, எல்லாவற்றுக்கும் சைகை. ஆலையில் இல்லாத சங்கதிகளுக்குப் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் பயந்துபோனார்கள். தையற்காரர் மாடியேறி வந்து வாசல் பொத்தானை அழுத்தி, "சண்டையா? சமாதானம் பண்ணி வைக்கணுமா?" என்று கேட்டார். அக்கா அவர் கையைப் பிடித்துக் கீழே கடைக்கே இழுத்துக்கொண்டு போய், அங்கே நின்று முழுத் தொண்டையில் விவரம் சொன்னாள். அதுவே வாடிக்கையாகிவிட்டது. தினமும் சாயங்காலம் கடைக்குப் போவாள், அன்றைக்கு அடக்கி வைத்ததையெல்லாம் அங்கே கொட்டுவாள். ஓரம் இன்றைக்கு மூக்கை நீட்டியது, ஓரம் இன்றைக்கு யாரும் இல்லாதபோது முட்டையைத் தின்றிருக்கிறது, ஓரம் அப்படி, ஓரம் இப்படி. "மாடியில மௌன விரதம், எனக்கு மட்டும் ஆயுள் தண்டனையா?" என்று தையற்காரர் புலம்புவார். ஆனால் சொன்ன நேரத்துக்கு அவள் வராவிட்டால் படிக்கட்டை எட்டிப் பார்ப்பார்.

ஒரு விடுமுறை மத்தியானம் அக்கா சமையலறையில் சாப்பாட்டை எடுத்துவைத்துவிட்டு, கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரைப் பார்த்து விரலைக் குவித்து வயிற்றருகே தட்டினாள். அவர் நிமிரவில்லை. மறுபடி தட்டினாள். இந்த மனுஷனை என்ன செய்தால் தகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை தட்டினாள். ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. சந்திலிருந்து ஓரம் வெளியே வந்துகொண்டிருந்தது.

வயிறு தரையில் உரசுகிற மாதிரி பதுங்கிப் பதுங்கி வந்து, ஒரு கை தூரத்தில் உட்கார்ந்தது. அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் கையைப் பார்த்தது. அக்கா மூச்சு விடவில்லை. தட்டில் இருந்த முட்டையை எடுத்துத் தரையில் வைத்தாள். அது தின்றது. தின்றுவிட்டு மறுபடியும் கையைப் பார்த்தது.  இத்தனை நாளும் அந்த இருட்டுச் சந்திலிருந்து ஒற்றைக் கண்ணால் இரண்டு பேர் கையையும் பார்த்துப் பார்த்துப் பாடம் படித்திருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை, யாரும் கூப்பிடவில்லை, அதுவாகவே ஆலைப் பேச்சைக் கற்றுக்கொண்டிருக்கிறது. பீப்பாய்க்காரர் எப்போது நிமிர்ந்தாரோ தெரியாது. செய்தித்தாள் தரையில் கிடந்தது. எனக்கு இதைக் கற்றுக்கொள்ள ஒரு வருஷம் ஆயிற்று என்று அவர் கையால் சொன்னார்.

கத்திச் சொல்ல வேண்டும் போல இருந்தது அக்காவுக்கு. வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிக் கடைக்குள் போய் விழுந்தாள். அன்றைக்குத் தையற்காரருக்கு ஒரு சட்டைக் கை கோணலாக வந்தது.

அதன்பிறகு ஓரம் தினம் ஒரு சொல்லாகக் கற்றது. முஷ்டி மூடினால் நின்றது. உள்ளங்கையைக் கீழே காட்டினால் படுத்தது. கையைத் தூக்கினால் பயப்படுகிற நாய்க்கு, தோளுக்கு மேலே கையே போகாத வீடு வாய்த்தது அதன் அதிர்ஷ்டம். வேடிக்கை என்னவென்றால், அது சூப்பர்வைசரையும் கற்றுக்கொண்டது. சுவர் விளக்கு மினுங்கினால் பீப்பாய்க்காரர் பழக்கதோஷத்தில் சட்டைக் கழுத்தைக் கிள்ளிவிட்டு எழுந்திருப்பார், இருவரும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். அதைப் பார்த்துப் பார்த்து, கழுத்தில் கை போனதும் ஓரம் ஓடிப்போய்ச் சலவை இயந்திரத்துக்குப் பின்னால் நின்றுகொள்ளும். "அதுவும் நம்ம ஆளுதான். சூப்பர்வைசர் வந்தா மெஷினுக்குப் போயிடுது" என்று அக்கா கடையில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒன்றே ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. ஓரம் அவளைத் தொடவில்லை. எப்போதும் அந்த ஒரு கை தூரம். அவள் ஒரு அடி முன்னால் வைத்தால் அது ஒரு அடி பின்னால் வைக்கும். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று அவளும் காத்திருந்தாள். ஆனால் காப்பகத்துப் பெண் வருகிற நாள் வந்துவிட்டது.

அன்றைக்குக் காலையிலிருந்தே அக்கா வீட்டைத் துடைத்துப் பளிச்சென்று வைத்திருந்தாள். ஓரம் கூடத்து நடுவில், நல்ல பிள்ளையாக, அவள் நாற்காலிக்கு ஒரு கை தூரத்தில் படுத்திருந்தது. இப்படியே இருந்தால் போதும், அந்தப் பெண் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். விளக்கு மினுங்கியது. முப்பது வருஷத்துக்கு மேல் செய்த கை, அதன் பாட்டுக்குப் போய்க் கழுத்தைக் கிள்ளியது. கிள்ளிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஓரம் அதற்குள் சந்துக்குள் போயிருந்தது.

காப்பகத்துப் பெண் உள்ளே வந்தாள், கையில் ஒரு புதுக் கயிறு. "எங்க இருக்கு?" என்று உதட்டசைவில் கேட்டாள். நாய் பயப்படக்கூடாதென்று அவள் காற்றாகப் பேசியதில் இவர்களுக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. உதட்டைப் படித்தார்கள். பதிலுக்கு அக்கா கையால் சொன்னாள். இப்போதுதான் இங்கே இருந்தது, தானாக வந்து படுக்கும், சாப்பிடக் கூப்பிட்டால் வரும், எல்லாம் அதற்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கு என்ன புரியும்? "அன்னைக்கு நல்லாதானே பேசினீங்க, என்னம்மா ஆச்சு?" என்று பயந்துபோய்க் கேட்டாள்.

சமையலறைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சந்தின் கோடியில் ஓரம் முகத்தைச் சுவரில் புதைத்திருந்தது, காப்பகத்தில் இருந்ததைப் போலவே. அக்கா மண்டியிட்டு விரலைக் குவித்துத் தட்டினாள், வயிறு சிவக்கத் தட்டினாள். முதுகிடம் கையால் பேசி என்ன பிரயோசனம்? கைப்பேச்சுக்குக் கண் வேண்டும். அது திரும்பினால்தானே. பீப்பாய்க்காரர் முட்டையை உருட்டிவிட்டார். அது உருண்டுபோய் அதன் பின்னங்காலில் இடித்து நின்றது. ஓரம் இன்னும் சுருங்கியது.

காப்பகத்துப் பெண் பொறுமையாகத்தான் உட்கார்ந்திருந்தாள். வெகு நேரம் கழித்து அக்காவின் தோளைத் தொட்டு, உதடு தெரியும்படி சொன்னாள். "நீங்க எவ்வளவு பாடுபட்டிருக்கீங்கன்னு தெரியுதும்மா. ஒரு நூலகர் கேட்டிருக்காங்க, தனியா இருக்காங்க, சத்தமே இல்லாத வீடு. இதுக்கு அதுதான் நல்லது. நான் கூட்டிட்டு போறேன்." சொல்லிவிட்டுக் கயிற்றின் கொக்கியைத் திறந்தாள்.

 அந்தப் பெண் சொல்வதில் தப்பில்லை என்பதுதான் அக்காவுக்கு வலித்தது. நூலகர் வீட்டில் யாரும் உரக்கப் பேசமாட்டார்கள். அது அங்கே நன்றாக இருக்கும். இந்தத் தொண்டையை வைத்துக்கொண்டிருப்பவளுக்கு எதற்கு நாய், எதற்குப் பேரன். அந்தப் பெண் சந்துக்குள் கையை நீட்டினாள். அப்போது அக்காவின் வாயிலிருந்து அது வந்துவிட்டது. அவள் கூப்பிட வேண்டும் என்று நினைக்கவே இல்லை.

"ஓரம்."

முழுக் குரல். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. காப்பகத்துப் பெண் கயிற்றைக் கீழே போட்டாள். கீழே தையல் இயந்திரம் நின்றது. அக்கா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு, எல்லாம் போச்சு, நானே என் கையால் கெடுத்துக்கொண்டேன் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

யாரோ அவள் முழங்கையைப் பிடித்து உலுக்கினார்கள். கண்ணைத் திறந்தாள். காப்பகத்துப் பெண்ணின் முகம் கிட்டத்தில் இருந்தது, உதடு வேகமாக அசைந்தது. அக்கா தப்பாகப் படித்துவிட்டோமோ என்று நினைத்தாள்.

"என்ன?"

"நிறுத்தாதீங்கம்மா" என்றாள் அந்தப் பெண், இந்தத் தடவை சத்தமாகவே. "பேசுங்க. உங்க குரலுக்குத் திரும்புது."

வாழ்நாளில் அவளிடம் ஒருவரும் சொல்லாத வார்த்தை. மெதுவாகப் பேசு, அடக்கிப் பேசு, பேசாமல் இரு, இதையெல்லாம் வகை வகையாகக் கேட்டிருக்கிறாள். பேசு என்று சொன்னதும் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. வாய்க்கு வந்தது ஆணிதான்.

"ஒரு இஞ்சு ஆணி இருக்கு பாரு" என்று ஆரம்பித்தாள். குரல் உடைந்தது, அதையும் மீறிக் கணீரென்று வந்தது. "அது படம் மாட்ட. ரெண்டு இஞ்சு பலகைக்கு. நாலு இஞ்சு உத்தரத்துக்கு, அத அடிக்க நல்ல கை வேணும். கூரைக்கு அடிக்கிறதுக்குத் தலை பெருசா இருக்கும், இல்லேன்னா தகரம் கிழிஞ்சுடும். செருப்பாணி குட்டியா இருக்கும், உன் பல்லு மாதிரி."

சந்தின் வாயில் மூக்கு தெரிந்தது. பிறகு நிமிர்ந்த காது, பிறகு மடிந்த காது. ஓரம் வந்துகொண்டிருந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது அதுவும் நின்றது. பேசினாள், ஒரு அடி வைத்தது. உடம்பு முழுக்க நடுக்கம், கால் நான்கும் தனித்தனியே உதறின, வால் இன்னும் வயிற்றுக்கடியில்தான். பயம் கொஞ்சமும் போகவில்லை. அத்தனை பயத்தையும் தூக்கிக்கொண்டு, உலகத்திலேயே அது எதற்கு நடுங்குமோ அந்தச் சத்தத்தை நோக்கி நடந்து வந்தது. 

ஏன் வந்தது என்று பிற்பாடு ஆளுக்கொன்று சொன்னார்கள். மாடியிலிருந்து தினம் அவள் குரலைக் கேட்டுக்கொண்டுதானே இருந்தது, அதில் முக்கால்வாசி அதன் பெயர்தானே என்றார் தையற்காரர். இருக்கலாம். நாய்க்கு ஆளைத் தெரியும் என்றாள் காப்பகத்துப் பெண். அதுவும் இருக்கலாம். அக்காவைக் கேட்டால் தலையாட்டிவிட்டுச் சும்மா இருப்பாள். இவ்வளவு பயந்த ஒரு உயிருக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதை நினைத்தால் அவளுக்கு இன்றைக்கும் பேச்சு வராது. அவளுக்கே பேச்சு வராது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கை தூரத்தில் வந்து ஓரம் நின்றது. அக்கா லாட ஆணிக்கு வந்திருந்தாள். அது குதிரைக்கு, வளைச்சுதான் அடிக்கணும், தப்பா அடிச்சா குதிரைக்கு வலிக்கும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்தத் தூரம் குறைந்தது. குளிர்ந்த மூக்கு கணுக்காலில் பட்டது. ஓரம் அவள் பாதத்தின் மேல் தாடையை வைத்துப் படுத்தது. அதன் நடுக்கம் பாதம் வழியாக ஏறி அவள் முழங்கால் வரைக்கும் வந்தது. அவள் காலை அசைக்கவில்லை.

காப்பகத்துப் பெண் கயிற்றைச் சுருட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தாள்.

"போதுமாம்மா?" என்று அக்கா கேட்டாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

ஓரத்தின் மடிந்த காது அவள் பக்கம் திரும்பியது. அந்தப் பெண் அதைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி, "இன்னும் கொஞ்சம் பேசுங்க" என்றாள்.